கேரம் ஆட்டத்துக்கு பாக்ஸ்2டி: காய் ஒட்டுவதும், ஊர்வதும், ஊடுருவுவதும் ஏன்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கணினி ஆட்டங்கள் எழுத உதவும் லவ்2டி சட்டகத்தில் லூவா மொழியில் ஒரு கேரம் ஆட்டம் எழுதுகிறீர்கள். மோதல் கணக்குகளை முதலில் நீங்களே எழுதிப் பார்த்தீர்கள். வேகமாக அடித்தால் ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே கடந்து போனது. பிறகு லவ்2டியோடு வரும் இயற்பியல் நூலகத்துக்கு மாறினீர்கள். பலகையின் உண்மையான அளவு கெடக் கூடாது என்பதற்காக 10 பிக்சல் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து, ஒரு மீட்டருக்கு 1000 பிக்சல் என்றும் அமைத்தீர்கள். இப்போது காய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியதுபோலத் தெரிகின்றன, மெதுவாக வரும் காய் சட்டத்தில் பட்டதும் பசை தடவியதுபோல ஒட்டிக்கொள்கிறது, அடித்து ஐந்தாறு வினாடி ஆன பிறகும் காய்கள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன, ஸ்ட்ரைக்கர் காயைத் தொடாமலே ஊடுருவிப் போவதும் முழுமையாகத் தீரவில்லை. நூலகத்தில் பிழையா, அல்லது கேரத்துக்கு இது பொருந்தாதா என்று கேட்கிறீர்கள்.

நூலகத்தில் பிழை இல்லை. கேரத்துக்கு இது மிக நன்றாகவே பொருந்தும். நீங்கள் பட்டியலிட்ட நான்கில் முதல் இரண்டும் ஒரே காரணத்தால் வருபவை. அந்தக் காரணம், நல்லெண்ணத்தோடு நீங்கள் வைத்த அந்த 1000 என்ற எண்தான்.

லவ்2டியின் இயற்பியல் பகுதிக்குள் இருப்பது எரின் கேட்டோ எழுதிய பாக்ஸ்2டி. 2006ஆம் ஆண்டு ஆட்ட உருவாக்குநர் மாநாட்டில் அவர் ஆற்றிய உரைக்கான சிறு செயல்விளக்க நிரலாகத் தொடங்கி, 2007இல் முழு நூலகமாக வெளிவந்தது. ஆங்ரி பேர்ட்ஸ், லிம்போ போன்ற ஆட்டங்கள் இதன் மேல் எழுந்தவை; யூனிட்டியின் இருபரிமாண இயற்பியலும் இதுவே. 2024இல் வந்த 3ஆம் பதிப்பு சி மொழியில் புதிதாக எழுதப்பட்டது. ஆனால் லவ்2டியின் 11ஆம் பதிப்புகள் பழைய 2.3 வரிசையையே உள்ளே வைத்திருக்கின்றன. எனவே கீழே நான் தரும் எண்கள் அந்த வரிசைக்கானவை.

பாக்ஸ்2டி மீட்டர், கிலோகிராம், வினாடி ஆகிய அலகுகளில் சிந்திக்கிறது. அசையும் பொருள்கள் 0.1 மீட்டர் முதல் 10 மீட்டர் வரை இருக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் அதன் உள் எண்கள் அனைத்தும் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. மரப்பெட்டி, பீப்பாய், வண்டி, மனிதன் என்று ஆட்டங்களில் வழக்கமாக வரும் பொருள்களுக்கு இது வசதியான எல்லை. சர்வதேச கேரம் விதிகளின்படி ஒரு காயின் விட்டமோ 3.02 முதல் 3.18 சென்டிமீட்டர் வரைதான். ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. ஆக, உண்மையான அளவிலேயே காய்களைக் கொடுத்தால், நூலகம் எதிர்பார்க்கும் மிகச் சிறிய பொருளைவிட மூன்று மடங்கு சிறிய பொருளைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பொருள்.

இதனால் என்ன கெடும் என்பதை இரண்டு உள் எண்களை வைத்துப் பார்க்கலாம். முதலாவது, அனுமதிக்கப்பட்ட ஊடுருவல். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று அழுத்தும்போது அவற்றைத் துல்லியமாகப் பிரித்து வைக்க முயன்றால் அவை நடுங்கத் தொடங்கும். அதைத் தவிர்க்க 0.005 மீட்டர், அதாவது 5 மில்லிமீட்டர் வரை ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருப்பதை நூலகம் கண்டுகொள்ளாமல் விடுகிறது. ஒரு மீட்டர் பெட்டியில் 5 மில்லிமீட்டர் யார் கண்ணிலும் படாது, 31.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள காயில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. காய் மேல் காய் ஏறியதாக நீங்கள் கண்டது இதைத்தான். இரண்டாவது, மீள்தன்மைக்கான, அதாவது மோதிய பொருள் எவ்வளவு துள்ளித் திரும்பும் என்பதற்கான, வேக வரம்பு. இரண்டு பொருள்கள் நேருக்கு நேர் நெருங்கும் வேகம் வினாடிக்கு 1 மீட்டருக்குக் குறைவாக இருந்தால், நீங்கள் எவ்வளவு மீள்தன்மை கொடுத்திருந்தாலும் நூலகம் அதைச் சுழியமாகவே எடுத்துக்கொள்ளும். தரையில் விழுந்த பெட்டி ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆனால் கேரம் பலகையில் வினாடிக்கு 1 மீட்டர் என்பது மெதுவான வேகமே அல்ல. அதற்குக் கீழே வரும் காய் சட்டத்தில் பட்டதும் செங்குத்து வேகத்தை முழுவதும் இழந்து, பக்கவாட்டு வேகத்தோடு மட்டும் சட்டத்தை ஒட்டி வழுக்கிச் செல்லும். பசை தடவியதுபோல என்று நீங்கள் எழுதியது மிகச் சரியான வருணனை.

தீர்வு, பலகையை நூலகத்தின் கண்ணுக்குப் பெரிதாக்கிக் காட்டுவது. லவ்2டியில் ஒரு மீட்டருக்கு 30 பிக்சல் என்பதே இயல்பான அமைப்பு. 1000 என்று நீங்கள் மாற்றிய அந்த வரியை நீக்கிவிட்டாலே போதும். திரையில் 10 பிக்சல் ஒரு சென்டிமீட்டராகவே இருக்கட்டும். அப்போது நூலகத்தின் பார்வையில் காயின் விட்டம் 1.06 மீட்டர், பலகையின் பக்கம் ஏறத்தாழ 24.7 மீட்டர். அனுமதிக்கப்பட்ட ஊடுருவல் உண்மைப் பலகையில் 0.15 மில்லிமீட்டராகச் சுருங்கும். மீள்தன்மை வரம்பு வினாடிக்கு 3 சென்டிமீட்டராக இறங்கும். அந்த வேகத்தில் ஒரு காய் சட்டத்தில் பட்டு நின்றால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இந்த அமைப்பை உலகத்தையும் பொருள்களையும் உருவாக்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் பழைய பொருள்கள் பழைய அளவிலேயே இருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு பள்ளம் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொருள் ஒரு படியில், அதாவது நூலகம் ஒருமுறை கணக்கிட்டு முன்னகர்த்தும் சிறு காலத்துண்டில், 2 மீட்டருக்கு மேல் நகர இந்த வரிசை விடாது. வினாடிக்கு 60 படி என்றால் உச்ச வேகம் வினாடிக்கு 120 மீட்டர். 30 பிக்சல் அமைப்பில் அது 3600 பிக்சல், உண்மைப் பலகையில் வினாடிக்கு 3.6 மீட்டர். ஓங்கி அடிக்கும் அடி இந்தச் சுவரில் மோதி நின்றுவிடும். எவ்வளவு விசை கொடுத்தாலும் அதற்கு மேல் வேகம் ஏறாது. பிக்சலையே மீட்டராக எண்ணி எழுதுபவர்கள், பொருள்கள் ஏதோ தேனுக்குள் நகர்வதுபோல இருக்கின்றன என்று புலம்புவதற்கும் இதுவே காரணம். நானும் முதல் ஆட்டத்தில் அப்படித்தான் எழுதி, விசையைப் பத்து மடங்கு, நூறு மடங்கு என்று கூட்டிக்கொண்டே ஒரு வார இறுதியைத் தொலைத்தேன். வரம்பு வேகத்தின் மேல் இல்லை, ஒரு படியில் கடக்கும் தூரத்தின் மேல்தான் இருக்கிறது; ஆகவே படிகளைச் சிறிதாக்கினால் வரம்பு தானே உயரும். வினாடிக்கு 240 படி என்று வைத்தால் உச்ச வேகம் உண்மை அளவில் வினாடிக்கு 14.4 மீட்டர். கேரத்துக்கு அது தாராளம்.

அந்த 240 படிகளுக்கு இதைவிட முக்கியமான வேறொரு காரணமும் இருக்கிறது. அது உங்கள் நான்காவது குறையோடு தொடர்புடையது. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போகும் ஸ்ட்ரைக்கர் ஒரு ஃபிரேமில், அதாவது 1/60 வினாடியில், 8.3 சென்டிமீட்டர் தாவுகிறது. ஸ்ட்ரைக்கரின் ஆரமும் காயின் ஆரமும் சேர்ந்தால் ஏறத்தாழ 3.65 சென்டிமீட்டர், ஆகவே நேராகப் போனாலும் அவை ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும் பாதையின் நீளம் 7.3 சென்டிமீட்டர்தான். தாவல் அதைவிடப் பெரிது. ஒரு ஃபிரேமில் காய்க்கு முன்னாலும் அடுத்த ஃபிரேமில் காய்க்குப் பின்னாலும் இருந்தால் மோதலே நடக்கவில்லை என்றுதான் எந்தச் சோதனையும் சொல்லும். நீங்கள் கையால் எழுதிய நிரல் தோற்றது இங்கேதான். பாக்ஸ்2டியும் இயல்பாக, நகராத பொருள்களுக்கு எதிராக மட்டுமே இடைப்பட்ட பாதையைச் சோதிக்கிறது. அதனால்தான் ஸ்ட்ரைக்கர் சட்டத்தைத் தாண்டி வெளியே போகவில்லை, காயை மட்டும் கடந்து போனது. நகரும் இரண்டு பொருள்களுக்கிடையே அந்தச் சோதனை வேண்டுமென்றால் அவற்றில் ஒன்றையாவது புல்லட் என்று குறிக்க வேண்டும். ஆயிரம் பொருள்கள் உள்ள ஆட்டத்தில் இது செலவு மிக்கது என்பதால் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்வார்கள். உங்களிடம் இருப்பவை 19 காய்களும் ஒரு ஸ்ட்ரைக்கரும்தான். இருபதையும் புல்லட் ஆக்குங்கள். ஸ்ட்ரைக்கரை மட்டும் குறிப்பது போதாது, ஏனென்றால் நேராக அடிபட்ட காய் ஸ்ட்ரைக்கரைவிட வேகமாகக் கிளம்பும். அதற்குப் பிறகு வருகிறேன்.

ஊடுருவாமல் இருந்தால் மட்டும் கேரத்துக்குப் போதாது. கோணம் சரியாக இருக்க வேண்டும். மோதலைத் தாமதமாக, காய்க்குள் ஸ்ட்ரைக்கர் பாதி புகுந்த பிறகு கண்டுபிடித்தால், இரண்டு மையங்களையும் இணைக்கும் கோடு தொட்ட கணத்தில் இருந்த கோட்டிலிருந்து விலகியிருக்கும். அடிபட்ட காய் அந்தத் தவறான கோட்டில்தான் ஓடும். ஓரத்தில் வெட்டி அடிக்கும் அடிகளில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியும்; ஆடுபவர் சரியாகக் குறி வைத்தும் காய் குழிக்குப் போகாது. புல்லட் குறியும் சிறிய படிகளும் சேர்ந்துதான் இதைச் சரிசெய்யும்.

லவ்2டி ஒவ்வொரு ஃபிரேமிலும் தரும் கால இடைவெளியை அப்படியே உலகத்துக்குக் கொடுக்காதீர்கள். அந்த இடைவெளி ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். மாறினால் ஒரே அடி ஒரே இடத்தில் முடியாது. வந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டு, அதில் 1/240 வினாடி இருக்கும்வரை உலகத்தை அந்த அளவுக்கு ஒரு படி நகர்த்திக் கழித்துக்கொண்டே வாருங்கள். மிச்சம் அடுத்த ஃபிரேமுக்கு. கணினி ஒரு கணம் திணறி அரை வினாடி தாமதமாக வந்தால் 120 படிகளை ஒரே மூச்சில் ஓட்ட வேண்டியிருக்கும். அதனால் அடுத்த ஃபிரேமும் தாமதமாகி, தாமதம் தாமதத்தைப் பெற்றுக்கொண்டே போகலாம். ஆகவே சேர்க்கும் நேரத்துக்கு 0.1 வினாடி போல ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

இனி, காய்கள் ஊர்ந்துகொண்டே இருப்பது. இதற்கும் அளவுக்கும் தொடர்பில்லை. மேலிருந்து பார்க்கும் ஆட்டத்தில் பலகையின் பரப்பு என்று ஒரு பொருளே உலகத்தில் இல்லை; எனவே காய்க்கு நீங்கள் கொடுத்த உராய்வு எண், காய் காயோடும் சட்டத்தோடும் உரசும்போது மட்டுமே பயன்படும், பலகையின் மேல் வழுக்கும்போது அல்ல. அந்தக் குறையை நிரப்ப நேர்கோட்டுத் தணிப்பை 1 என்று வைத்திருக்கிறீர்கள். பெரும்பாலான வழிகாட்டிகளும் அதைத்தான் சொல்கின்றன. கேரத்துக்கு அது தவறு. தணிப்பு வேகத்துக்கு ஏற்ற விகிதத்தில் வேகத்தைக் குறைக்கும்: வேகமாக இருந்தால் நிறையக் குறைக்கும், மெதுவானால் குறைப்பதும் மெதுவாகும். தண்ணீரில் மிதக்கும் பொருளின் நடத்தை அது. வினாடிக்கு 2 மீட்டரில் கிளம்பிய காய், தணிப்பு 1 என்றால், 2 வினாடிக்குப் பிறகு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் வேகத்திலும், 5 வினாடிக்குப் பிறகும் 1.3 சென்டிமீட்டர் வேகத்திலும் ஊர்ந்துகொண்டிருக்கும். பவுடர் போட்ட பலகையில் காய் அப்படி நடப்பதில்லை. அங்கே உராய்வு விசை வேகத்தைப் பொறுத்ததல்ல. காயின் எடையையும் பரப்பின் வழுவழுப்பையும் மட்டுமே பொறுத்தது. அதனால் காய் சீராக வேகம் இழந்து, குறிப்பிட்ட ஒரு கணத்தில் திட்டவட்டமாக நின்றுவிடுகிறது. உராய்வுக் கெழு 0.1 என்று வைத்துக்கொண்டால் அதே காய் ஏறத்தாழ 2 வினாடியில், 2 மீட்டர் தூரம் ஓடி நிற்கும். அதாவது பலகையை இரண்டரை முறைக்கு மேல் குறுக்கே கடந்திருக்கும். பவுடர் கூடினால் கெழுவைக் குறையுங்கள். ஆடிப் பார்த்துத்தான் இந்த எண்ணைப் பிடிக்க முடியும்.

இதைச் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு படியிலும் வேகத்துக்கு எதிர்த்திசையில் மாறாத ஒரு விசையை நீங்களே கொடுக்கலாம். ஆனால் காய் நிற்கப் போகும் கடைசிப் படியில் அந்த விசை தேவைக்கு மேல் போய்க் காயைப் பின்னோக்கித் தள்ளும். அடுத்த படியில் முன்னோக்கி. காய் நின்ற இடத்தில் நடுங்கும். அதோடு விசை கொடுக்கும் ஒவ்வொரு முறையும் காய் விழித்திருப்பதாகவே நூலகம் எண்ணும். இந்த இரண்டு தொல்லையும் இல்லாத வழி, உராய்வு இணைப்பு. நகராத தரைப்பொருள் ஒன்றை உருவாக்கி, ஒவ்வொரு காயையும் அதனோடு உராய்வு இணைப்பால் இணைத்து, உச்ச விசையாகக் காயின் நிறையையும் நீங்கள் விரும்பும் வேகக் குறைப்பையும் பெருக்கிக் கொடுங்கள். பெயர் இணைப்பு என்றாலும் அது காயை எங்கும் கட்டிவைப்பதில்லை. தரைக்கு எதிரான அசைவை அந்த உச்ச விசைக்குள் எதிர்க்கிறது, நிறுத்தத் தேவையானதற்கு மேல் ஒரு துளியும் தருவதில்லை. இங்கே மறந்துவிடக் கூடாதது, நீளம் எந்த அலகில் இருக்கிறதோ அதே அலகில்தான் புவியீர்ப்பும் இருக்க வேண்டும் என்பது. உங்கள் திரையில் உண்மையான ஒரு மீட்டர் 1000 பிக்சல், எனவே 9.81 என்பது 9810 பிக்சல், கெழு 0.1 என்றால் வேகக் குறைப்பு வினாடிக்கு வினாடி 981 பிக்சல். சுழற்சியையும் நிறுத்த, உச்ச முறுக்கு விசையாக அந்த விசையை ஆரத்தாலும் மூன்றில் இரண்டாலும் பெருக்கிக் கொடுங்கள். சீராக அழுத்தும் வட்டத் தட்டுக்கு வரும் கணக்கு அது. இதன் பிறகு தணிப்பைச் சுழியமாக்கிவிடலாம். அடி முடிந்ததா என்று அறிய, எல்லாக் காய்களும் உறங்கிவிட்டனவா என்று பார்த்தால் போதும். நின்று ஏறத்தாழ அரை வினாடியில் நூலகமே அவற்றை உறங்கவைத்துவிடும். 3ஆம் பதிப்பில் உராய்வு இணைப்பு இல்லை என்பதால், என்றாவது அங்கே மாறினால் இந்தப் பகுதியை மீண்டும் எழுத வேண்டியிருக்கும்.

நிறைகளைப் பொறுத்தவரை காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். மோதலில் விகிதம்தான் முக்கியம். பரப்பளவைக் கணக்கில் கொண்டால் ஸ்ட்ரைக்கரின் அடர்த்தி காயினுடையதைப் போல 1.7 மடங்கு.

மீள்தன்மையில் பலரும் விழும் ஒரு குழி இருக்கிறது. இரண்டு பொருள்கள் மோதும்போது அவற்றின் மீள்தன்மைகளில் பெரியதையே நூலகம் எடுத்துக்கொள்ளும், சராசரியை அல்ல. காய்க்கு 0.9, சட்டத்துக்கு 0.6 என்று வைத்தால் சட்டத்தில் பட்டும் காய் 0.9 அளவுக்கே திரும்பும். சட்டத்தின் எண்ணை எவ்வளவு குறைத்தாலும் எதுவும் மாறாது. மோதல் தீர்க்கப்படுவதற்குச் சற்று முன் அழைக்கப்படும் செயற்கூற்றில், மோதுபவற்றில் ஒன்று சட்டமா என்று பார்த்து, அந்தத் தொடர்புக்கு மட்டும் மீள்தன்மையை நீங்களே எழுதிவிடுங்கள்.

குழிகளுக்கு சென்சார், அதாவது தடுக்காமல் தொடுவதை மட்டும் அறிவிக்கும் வடிவம், வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சென்சார் ஓரம் ஓரத்தைத் தொட்டதுமே சொல்லிவிடும். காய் விழுவதோ அதன் மையம் குழியின் விளிம்பைத் தாண்டும்போதுதான். குழியின் விட்டம் 4.45 சென்டிமீட்டர்; ஆகவே இரு மையங்களுக்கிடையே உள்ள தூரம் 2.2 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் காய் விழுந்தது. சென்சாரோ 3.8 சென்டிமீட்டரிலேயே விழுந்துவிட்டது என்று அறிவிக்கும். குழி ஓரத்தில் தொங்கி நிற்கும் காய் என்ற, கேரத்தின் பாதிச் சுவாரசியமான ஒன்றே உங்கள் ஆட்டத்தில் இல்லாமல் போய்விடும். சென்சாரை எடுத்துவிட்டு, ஒவ்வொரு படிக்குப் பிறகும் இருபது பொருள்களுக்கும் நான்கு குழிகளுக்கும் உள்ள தூரத்தை நேரடியாகக் கணக்கிடுங்கள். எண்பது தூரங்கள், அவ்வளவுதான். இதில் இன்னொரு நன்மையும் உண்டு: மோதல் அழைப்புகளுக்குள் உலகம் பூட்டப்பட்டிருக்கும், அங்கே காயை அழிக்கச் சொன்னாலும் அது உடனே அழியாது, படி முடிந்த பிறகே அழியும். படி முடிந்த பிறகு சோதித்து, அங்கேயே அழித்தால் அந்தத் தொல்லையே எழாது.

தொடக்க அடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். நடுவில் சிவப்பு, சுற்றி ஆறு, வெளியே பன்னிரண்டு என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் 19 காய்களில் அடி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிச் செல்ல வேண்டும். பாக்ஸ்2டி எல்லாத் தொடர்புகளையும் ஒன்றாக வைத்து, சிறு சிறு உந்தங்களைத் திரும்பத் திரும்பக் கொடுத்துத் தீர்க்கும் முறை. வரிசையாகத் தொங்கும் குண்டுகளில் ஒரு முனையில் அடித்தால் மறுமுனைக் குண்டு மட்டும் எழும் அந்தப் பழைய இயற்பியல் பொம்மையைக்கூட அது சரியாகக் காட்டாது. எனவே காய்களை முற்றிலும் தொடாமல், 0.2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அடுக்குங்கள். மோதல்கள் ஒன்றன் பின் ஒன்றாக நடந்து, சிதறல் இயல்பாகத் தெரியும். ஒவ்வொரு காயின் இடத்திலும் அதைவிடச் சிறிய ஒரு தற்செயல் விலகலையும் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் கோட்டின் நடுவிலிருந்து நேராக அடிக்கும் அடி ஒவ்வொரு முறையும் அச்சடித்ததுபோல ஒரே மாதிரி சிதறும். பத்தாவது ஆட்டத்தில் ஆடுபவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, ஆட்டத்தை ஓட்டிக் கண்ணால் பார்ப்பதற்கு முன் ஒரு சிறு சோதனையை எழுதிவையுங்கள். உராய்வு இணைப்புகளை எடுத்துவிட்டு, 15 கிராம் ஸ்ட்ரைக்கரை 5.25 கிராம் காயின் மேல் நேராக மோதவிடுங்கள். மீள்தன்மை 0.9 என்றால், காய் ஸ்ட்ரைக்கரின் தொடக்க வேகத்தைப் போல 1.41 மடங்கு வேகத்தில் கிளம்ப வேண்டும், ஸ்ட்ரைக்கரில் 0.51 பங்கு வேகம் மிஞ்ச வேண்டும். முதல் எண் மிகக் குறைந்து வந்தால் மீள்தன்மையையோ நிறைகளையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்; ஸ்ட்ரைக்கரின் தொடக்க வேகமே நீங்கள் கொடுத்ததைவிடக் குறைவாகக் காட்டினால் படியின் 2 மீட்டர் வரம்பில் இடித்துக்கொண்டிருக்கிறீர்கள்; காய் அசையவே இல்லை என்றால் புல்லட் குறி விழவில்லை. பிறகு ஒரு காயை வினாடிக்கு 20 சென்டிமீட்டர் வேகத்தில் சட்டத்தின் மேல் செங்குத்தாக அனுப்பிப் பாருங்கள். 1000 பிக்சல் அமைப்பில் அது அங்கேயே ஒட்டும், 30 பிக்சல் அமைப்பில் திரும்பி வரும்.